டாக்டர் முன்னால் ஒரு பெண் பார்க்கும் படலம்

முப்பத்தாறு வயதில் எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது, எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். பதினான்கு பக்கம், தலைப்புவாரியாக. டாக்டரம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று என் அம்மா வந்து சொல்ல வேண்டும் என்றார். அது இல்லாமல் முடிவு எழுத முடியாதாம். என் வாழ்க்கைக்கு நானே சாட்சி சொன்னால் போதாது என்பதில் எனக்குக் கோபம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், சாட்சி என் அம்மா.

என்னை யார் 'ஒரு மாதிரி' என்று சொன்னாலும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் அவள். மறு வாரம் தென்காசி கிளினிக்குக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, எனக்கும் தலை நிறையப் பூ வைத்து, பொட்டு கோணலாக இருக்கிறது என்று இரண்டு முறை திருத்திவிட்டுத்தான் கிளம்பினாள். ஆட்டோவில் ஏறியதும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்த ஒரே நேர்காணல் பெண் பார்ப்பதுதான். அங்கே குறை சொல்லும் தாய் உண்டா? எனக்கோ டாக்டர் முடிவு எழுதித் தரும் அந்தக் காகிதம் வேண்டும். திமிர் பிடித்தவள், அழுத்தக்காரி என்று ஊர் கொடுத்த பெயர்கள் போக, சரியான பெயர் ஒன்று வேண்டும்.

பயந்தபடியே ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகளோடு தங்கமாகப் பழகுவேன் என்றாள். பிடிவாதம் கிடையவே கிடையாது. சாப்பாடு, எது போட்டாலும் தின்பேன். எது போட்டாலும் என்றால் என்னென்ன என்று டாக்டர் கேட்டார்.

"தயிர்ச்சோறு போட்டா தயிர்ச்சோறு திம்பா. மூணு வருசம் அதேதான் தின்னா. வேற ஒண்ணு கேட்டு என்னையப் படுத்துனதே இல்ல."

டாக்டரின் பேனா முதல் முறையாக அசைந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாலு வயதிலேயே பஸ் ஸ்டாண்டில் நின்று, இலத்தூர் பஸ் முதல் பாவூர்சத்திரம் பஸ் வரை நேரம் தப்பாமல் ஒப்பிப்பேனாம். புளியங்கொட்டைகளை அளவுவாரியாக அடுக்கிவைத்து யாரையும் தொட விடமாட்டேனாம், அவ்வளவு பொறுப்பாம். கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் சீட்டை வெட்டித் தராமல் எந்தச் சட்டையும் போடமாட்டேனாம், ராஜகுமாரியாம். கல்யாண வீட்டில் மேளம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவேனாம். குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாலோ அந்த இரைச்சலிலும் அருவியை விட்டு வெளியே வரமாட்டேனாம். ஒவ்வொரு பெருமைக்கும் ஒரு டிக். சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. படிவம் குறை என்று எழுதி வைத்திருந்ததையெல்லாம் அம்மா சீர்வரிசைபோல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் காகிதம் வந்தது. ஆட்டிசம், லெவல் ஒன்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் பிள்ளை எதிலும் ஃபர்ஸ்ட்தான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஒன்று என்றால் ரேங்க் அல்ல, அடுத்தவர் துணை எவ்வளவு தேவை என்பதன் கணக்கு என்று விளக்கினேன். அதுவும் கல்யாண மண்டபத்தில் மூன்றாகிவிடும், அருவிக்கடியில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்றேன். அப்படியானால் அருவிக்கே போவோம் என்றாள்.

நல்ல சாரல். பெண்கள் பகுதியில் நெரிசல்தான். ஆனால் தண்ணீர் தோளில் அறைந்ததும் உடம்புக்குள் இருந்த சத்தமெல்லாம் அடங்கியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வெளியே வந்து முடியைப் பிழிந்துகொண்டிருந்தபோது அம்மா தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள்.

"கண்ணப் பாத்துப் பேசுவாளானு அந்த டாக்டரம்மா கேட்டாவல்லா. எனக்கே அது வராதேட்டி. நெத்திப் பொட்டத்தான் பாப்பேன். எல்லாரும் அப்படித்தான்னுலா நெனச்சேன்."

என் பொட்டு ஒரு நாளும் கோணலாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்கு என்ன லெவல் போடுவாவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி அருவிக்குள் போனாள்.