சீருக்கு மட்டும் தாய்மாமன்: ஒரு வெள்ளகோவில் பயணம்

மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவரை வெளியூர் விசேஷத்துக்கு அழைத்துப் போகலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். 1996 தை மாதம் நான் போய் வந்த கதையை எழுதுகிறேன். இத்தனை வருடமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி சுந்தரத்துக்கு அப்போது இருபத்தொன்பது வயது. யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்கும் நோய். இரண்டு வருட வைத்தியத்தில் அது அடங்கி, மறுபடியும் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் தங்கை வசந்தியை வெள்ளகோவிலில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். வசந்திக்கு உடன்பிறந்த அண்ணன் சுந்தரம் ஒருவன்தான்.

கோயமுத்தூரில் அவனைப் பார்த்துவந்த டாக்டரிடம் கேட்டேன். "கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஒதுக்குனா இவரோட மூளை சட்டுனு புடிச்சுக்கும், லேசுல விடாது. சேத்துக்கிட்டா மட்டும் அதை நம்பறதுக்கு நேரமாகுமுங்க" என்றார். அன்று இது எனக்குப் பாதிதான் புரிந்தது.

சூலூரில் காலை ஆறரைக்குக் கரூர் பஸ். எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் ஆளுக்குப் பதினாலு ரூபாய். பல்லடம் வரை கூட்டம் நெரிந்தது, அதற்குப் பிறகு காற்று வந்தது. சுந்தரம் சீர்ப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. குழந்தைக்குப் பட்டுப் பாவாடையும் தங்கத் தோடும் அவன் சம்பளத்தில் வாங்கியது. காங்கயத்தில் பஸ் நின்றபோது, "அக்கா, பாப்பா அழுதா நான் என்ன பண்டறது?" என்று கேட்டான். "இறுக்கிப் புடிச்சுக்க" என்றேன்.

வெள்ளகோவிலில் இறங்கும்போது ஒன்பது மணி. குலதெய்வக் கோயில் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபது ரூபாய். டிரைவர் பையைப் பார்த்துவிட்டு அவனிடமே கேட்டார், "ஏனுங்க, நீங்கதான் மாமனுங்களா? இன்னிக்கு உங்க வேட்டி நனையாமத் தப்பிக்காதுங்க!" சுந்தரம் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகியிருந்தது!

கோயிலில் வசந்தியின் மாமனார் வாங்க வாங்க என்று வரவேற்றார். சீர்த்தட்டை இரண்டு கையாலும் வாங்கி, போட்டோவுக்குத் தெரியும்படி முன்னால் வைத்தார். பிறகு சுந்தரம் பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம், "ஏனுங்க அம்மணி, தம்பிக்குக் காப்பி குடுக்கலாமுங்களா? ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்றார். காப்பி வேண்டுமா என்று அவனைக் கேட்டால் வாய் வலிக்குமா?

அடுத்தது இன்னும் மோசம். "மடிக்கு உங்க பெரியப்பா பையனச் சொல்லிப்போட்டமுங்க. தம்பிக்குக் கை நடுங்குது பாருங்க. கொழந்தய உட்டுப்போட்டா என்னங்க பண்றது?" நடுக்கம் மாத்திரையால் வருவது. தவிர, எந்தக் காதுகுத்தில் குழந்தையை ஒருத்தர் மட்டும் பிடித்திருக்கிறார்? தலைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், கிலுகிலுப்பை ஆட்ட ஒருவர் என்று நாலு பேர் சுற்றி நிற்பார்கள். அவன் வாங்கிவந்த தோடு வேண்டும், அவன் மடி மட்டும் ஆகாதா? இதை அங்கேயே சத்தமாகக் கேட்டேன். "கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்றார்கள். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சுந்தரம் போய்க் கோயில் வாசலில் நின்றுகொண்டான். வசந்தி குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை. "என்ற அண்ணன் மடியில இல்லீன்னா காதே குத்த வேண்டாமுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவள் புருஷனே வாசலுக்கு வந்தார்.

"மச்சான், வாங்க. நீங்களே வந்து உக்காருங்க."

சுந்தரம் அவர் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். யார் சிரிக்கப்போகிறார்கள் என்று தேடுகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. "பரவால்லீங்க மாப்பிள்ளை, பெரியப்பா பையனே உக்காரட்டுமுங்க" என்றான். நானும் கெஞ்சினேன். அவன் கால் நகரவில்லை.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தி, வசந்தியிடமிருந்து குழந்தையை வாங்கிப் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது மாமனார் என்னிடம், "நாங்க கூப்புட்டமுங்க அம்மணி, தம்பிதான் வரலீங்க" என்றார். பந்தியிலும் அதே பேச்சு. பார்த்தீங்களா, இன்னும் சரியாகலை, அதனால்தான் வரவில்லை என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் காங்கயம் தாண்டியதும் சுந்தரம் கேட்டான்: "அக்கா, மாப்பிள்ளை கூப்புட்டாரே, அது நெசமா?" நிஜம்தான் என்றேன். பல்லடத்தில் மறுபடியும் கேட்டான். சூலூரில் இறங்கும்போதும் கேட்டான்.

இப்படிப் பயணம் போகிறவர்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், கூட்டம் குறைவு. ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுங்கள். மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அவருக்கு என்ன பங்கு என்பதை முன்கூட்டியே விசேஷக்காரர்களிடம் பேசி முடிவு செய்யுங்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னைப் போல நம்பிப் போகாதீர்கள்.

விசேஷம் வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கூப்பிடுவதாக இருந்தால் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கூப்பிடுங்கள். ஒருவனை வாசல் வரை தள்ளிவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டுவிட்டு, அவன்தான் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதீர்கள்.