என்னிடம் தோளைக் காட்ட மறுத்த அப்பா

இன்று காலை கேஷுவாலிட்டியில், பெற்ற அப்பாவே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்!

பாத்ரூமில் வழுக்கி அவருக்குத் தோள் மூட்டு நழுவி இறங்கிவிட்டது. நான் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. "நானே மாட்டி விடுதேம்ப்பா" என்று கையைப் பிடித்தேன்.

"நீ தள்ளு! தோளத் தொட்டு எத்தன வருசமாச்சு ஒனக்கு? அந்த ஹவுஸ் சர்ஜன் புள்ளயக் கூப்பிடு."

(அவள் பயிற்சி டாக்டர், நான் புரொபசர். எலும்புக்கு அல்ல, ஜெனரல் மெடிசினுக்குத்தான்; அது வேறு விஷயம்.)

கோபம் வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது. இதற்கான விதை தொண்ணூறுகளில் விழுந்தது.

அப்போது அப்பாவுக்கு வள்ளியூரில் அரிசிக் கடை. என்ட்ரன்ஸ் எழுதி, பாளையங்கோட்டையில் அரசு மெடிக்கல் சீட் வாங்கிவிட்டேன். வீடே கொண்டாடியது. அப்பா மட்டும் ஃபீஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இந்த வெலைக்கு ஒருத்தன் தாரான்னா சரக்குல ஏதோ கோளாறு இருக்குல்லா?"

வியாபாரி மூளை! கடையை விற்றாவது என்னைப் பிரைவேட் காலேஜில் சேர்ப்பதாக முடிவு செய்தார். கடைக்கு ஆளும் பார்த்துவிட்டார். அரசு சீட்டில் சேர மூன்றே நாள்தான் பாக்கி. எங்கள் சோறே அந்தக் கடைதான். அப்பாவை எதிர்த்துப் பேசும் பழக்கமோ எங்கள் வீட்டில் கிடையாது.

பிரைவேட் காலேஜுக்குப் போனோம் (பெயர் வேண்டாம்). பளபளக்கும் தரை, வரவேற்பறையில் மீன் தொட்டி. நான் வாயைப் பிளந்தேன்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். மூட்டையின் மேல் அரிசியைப் பார்க்கவே மாட்டார், அடியில் குத்தூசியைச் செருகி அரிசி எடுத்துத்தான் பார்ப்பார். அங்கேயும் ஆபீஸுக்குப் போகாமல் நேராக வார்டுக்குள் நுழைந்தார். வரிசையாகக் கட்டில்கள், கசங்காத விரிப்புகள். ஒரே ஒருவர் படுத்திருந்தார்.

"என்ன சீக்கு வே?"

அந்த ஆள் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் சொல்லல அண்ணாச்சி. இன்ஸ்பெக்சனுக்கு முன்னாடி சொல்லுவாங்களாம்."

கூலிக்குப் படுத்திருக்கும் நோயாளி! அப்பா ஆபீஸ் பக்கமே போகாமல் வெளியே நடந்துவிட்டார். மறுநாள் பஸ் ஏறி, நேராகப் பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு என்னை இழுத்துப் போனார்.

அப்பப்பா, என்ன கூட்டம்! உடன்குடியில் கருப்பட்டி மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்த ஒருவர், தோள் இறங்கி அலறிக்கொண்டிருந்தார். கசங்கிய கோட்டில், என்னைவிட ஐந்தாறு வயதே மூத்த ஒரு ஹவுஸ் சர்ஜன் அக்கா வந்து அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, என் மொகத்தப் பாருங்க. ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"மூணு..."

டக்!

அலறல் நின்றது. "டீ கெடைக்குமா தாயி?" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மனுஷி கையால் இப்படியும் செய்ய முடியுமா!

அப்பா பைய அந்த அக்காவிடம் போய், "எத்தன பேருக்கும்மா இப்படி மாட்டிருப்ப?" என்று கேட்டார்.

அடுத்த கட்டிலுக்கு நடந்துகொண்டே அந்த அக்கா திரும்பினார். "இன்னைக்கா அண்ணாச்சி?"

ஒரே நாளில் அத்தனை பேர்! அப்பா மெச்சித் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"ஏட்டி, அங்கன இருந்தது ஷோகேஸு. இங்கனதான் யாவாரம் நடக்கு. இங்கயே சேரு."

கடை பிழைத்தது. நான் டாக்டரானேன்.

சரி, இன்று காலைக்கு வருவோம். ஹவுஸ் சர்ஜன் பெண் வந்தாள். சின்னப் பெண், கண்ணில் தூக்கம். அப்பாவிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தாள்.

டக்!

அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "எத்தன பேருக்கு மாட்டிருப்ப தாயி?" என்று கேட்டார்.

(அதற்கு அவள் சொன்ன பதிலைச் சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை!)

"இன்னைக்கா தாத்தா?"

என் கண் நிறைந்துவிட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்குக் கடைய வித்தே ஆகணும்னா, இந்தா, இந்தப் படிப்புக்காகத்தான் வித்திருக்கணும்ட்டி!"