நோன்பு திறக்க அழைத்தேன்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது எனக்கே நடந்தது. கெய்ரோவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மூளை நரம்பியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறேன், பாடமும் எடுக்கிறேன். "வெட்டியெடுத்த மூளைத் துண்டுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்பவள் நான்தான்.

அது ரமலான் மாதம். காலையில் அறுவை சிகிச்சைப் பிரிவு டாக்டர் வக்தி ஒரு சின்னத் துண்டு கொண்டுவந்து கொடுத்தான். வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து எடுத்தது. பெயரை அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம்.

"இன்னைக்காவது வீட்டுல போய் நோன்பு திற, நெர்மீன். இந்த ஆய்வகத்தையே கட்டிக்கிட்டு அழறியே!"

"வீட்டுல யார் இருக்கா, வக்தி?"

அம்மா போன பிறகு எனக்கு அது முதல் ரமலான். அந்த வீட்டில் ஒற்றைத் தட்டு வைத்து உட்கார என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

துண்டு, ஆக்சிஜன் குமிழியிடும் நீரில் கிடந்தது. சுற்றிலும், வெளி மின் இரைச்சலைத் தடுக்க, கம்பிவலைக் கூண்டு. ஊசிமுனை ஒரு செல்லைத் தொட்டால், அதன் துடிப்பு ஒலிபெருக்கியில் 'டக்' என்று கேட்கும். மாலை வரை ஒரு சத்தமும் இல்லை. அலுத்துப்போய் ஊசியை வெளியே தூக்கிவிட்டேன்.

சூரியன் இறங்கியது. கட்டடமே காலி. தெருவில் ஒரு கார்கூட ஓடவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி தூரத்தில் வெடித்தது. மூன்று பேரீச்சம்பழங்களை எடுத்து வைத்தேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒருவர் இருந்தால், அழைக்காமல் எங்களுக்குத் தொண்டையில் இறங்காது. அன்று பக்கத்தில் இருந்தது அந்தத் துண்டு மட்டும்தான்.

"வாங்க, சாப்பிடலாம்" என்றேன், கூண்டைப் பார்த்து. பைத்தியக்காரி!

டக்.

பழம் கையிலேயே நின்றது.

"யாரு...?"

டக்... டக்.

ஊசியைப் பார்த்தேன். வெளியேதான் இருந்தது. எதையும் தொடவில்லை...

டக். டக். டக்.

ஆக்சிஜனை மூடினேன். விளக்கை அணைத்தேன். துண்டை அப்புறப்படுத்தக்கூட நிற்கவில்லை.

ஓடினேன்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் நுழையும்போது வக்தியின் போன். நோயாளிகள் வார்டிலிருந்து பேசினான். குரலே சரியில்லை.

"நேத்து துண்டு எடுத்தோமே, அந்த ஆள் ராத்திரியே கண் முழிச்சுட்டார். நீ அவரை வந்து பார்த்தியா?"

"இல்லையே."

"கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு தனியா அழுதாளாம். மூணு பேரீச்சம்பழம் வச்சுக்கிட்டு சாப்பிடக் கூப்பிட்டாளாம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கூப்பிட்டுட்டு, விளக்கை அணைச்சுட்டுப் போயிட்டாளாம். 'இருட்டுல தனியா கிடக்கேன், எப்போ வருவா'ன்னு ராத்திரியிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கார்..."

போனைக் காதில் வைத்தபடியே ஆய்வகத்துக்கு ஓடினேன். கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன்.

"நெர்மீன்... இப்போ நீ என்ன பண்ணின?"

"ஏன்?"

"அவர் சிரிக்கிறார். 'வந்துட்டா'ங்கிறார்."