பெயர் மாற்றிய இருநூற்றுப் பதினான்கு கிளிப்புகள்

என் மனைவியின் தம்பி பழனிசெட்டிபட்டியில் கல்யாண வீடியோக் கடை வைத்திருக்கிறான். எனக்கும் அவனுக்கும் ஆகாது. இருந்தும் ஓய்வுபெற்ற பிறகு ஒரு படம் எடுக்க நினைத்தபோது அவனிடம்தான் போனேன். கேமராவும் அதற்கேற்ற கணினியும் எனக்குத் தெரிந்தவர்களில் அவனிடம் மட்டுமே இருந்தன.

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம், கவாத்திலிருந்து அறுப்பு வரை, பன்னிரண்டு நிமிடம். அதுதான் படம். அங்கே திராட்சை வைத்திருப்பவர்கள் தேதி சொல்வதில்லை. கொடியை ஒட்ட வெட்டும் கவாத்து நாளிலிருந்து எண்ணுவார்கள். "இன்னைக்கு முப்பத்தெட்டு" என்றால் மருந்தடிப்பவருக்கும் வியாபாரிக்கும் அது போதும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிற எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது. படமும் அந்த வரிசையிலேயே போக வேண்டும் என்று முடிவு செய்தேன். நான்கு மாதம் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் எடுத்தேன்.

மதுரையில் ஒரு சிறிய குழு ஆவணப்படங்களைத் திரையிடுவதாக அறிவித்திருந்தது. முதல் படம் எடுப்பவர்கள் மட்டுமே அனுப்பலாம். எடுத்தவரே தொகுத்திருக்க வேண்டும். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. அந்த வருடம் எடுத்த படமாகவும் இருக்க வேண்டும் என்பதால் அடுத்த வருடம் இதை அனுப்ப முடியாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிதான் எனக்கு எல்லாம்.

கடையின் இரண்டாவது கணினியில் என்னை உட்கார வைத்தான். கற்றுக்கொடுத்தான் என்பதை மறுக்க முடியாது. கற்றுக்கொடுத்த விதத்தைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டான். என் கை மவுஸில் இருக்கும்போதே அதன் மேல் தன் கையை வைத்து நகர்த்துவான்.

"சி அமுக்குனா பிளேடு. வி அமுக்குனா அம்பு. வெட்டிட்டு அம்புக்கு வந்துரணும். இல்லன்னா தொட்ட எடமெல்லாம் வெட்டிக்கிட்டே போகும்."

நான் நோட்டில் எழுதினேன்.

"இதையும் எழுதுறீகளா? டைப்ரைட்டிங் கிளாஸா மச்சான் இது?"

பக்கத்து மேசையில் ஆல்பம் வடிவமைக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடமலைக்குண்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கடையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, கெங்குவார்பட்டியிலிருந்து பெண்ணைப் பெற்றவர் கல்யாண வீடியோ பார்க்க வந்திருந்தார். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. சீர் கொண்டுவந்த ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது. தாய்மாமன் மண்டப வாசலிலிருந்து மேடை வரை நடப்பது முழுசாக வர வேண்டும். விட்டுப்போனால் சொந்தக்காரர்களிடையே பேச்சுவார்த்தை நின்றுவிடும். அவன் அத்தனை பேரையும் வைத்திருந்தான். ஒவ்வொரு முகமும் ஒரு ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து வந்தது.

நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "ரேசன் கடை வரிசைக்கும் இதுக்கும் பூதான் வித்தியாசம்."

பெண்ணைப் பெற்றவர் சிரித்தார். சிரித்துவிட்டு யோசித்தார். "சார் சொல்றதும் சரியாத்தான இருக்கு. அந்தப் பூவெல்லாம் வேணாம்ப்பா. ஆளுகளையும் கொஞ்சம் கொறச்சு, நறுக்குன்னு பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்றைய நாட்குறிப்பில் "நறுக்கென்று சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அடித்து அழிக்கவில்லை.

அடுத்து வந்த புதன்கிழமை, கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவன் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் கம்பம் போனான். என் படத்தின் வெட்டு வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒலியைச் சரிசெய்தால் போதும். ஆனால் கோப்புறையைத் திறந்தபோது மனம் ஒப்பவில்லை. மெமரி கார்டை மாற்றும்போதெல்லாம் அந்தக் கேமரா ஒன்றிலிருந்து மறுபடி எண் போடும். ஏழாம் எண் கிளிப் என்னிடம் நான்கு இருந்தது. முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தின் பதிவறையில் இருந்தவன் நான். ஒரே எண்ணில் நான்கு கோப்புகள் இருந்தால் அங்கே விளக்கம் கேட்பார்கள். உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு கிளிப்புகளுக்கும் பெயர் மாற்றினேன். 'கவாத்து 38 காலை 2.' 'கவாத்து 71 மாலை 1.' நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு பிழை இல்லாமல், மூன்று மணி நேரம். அந்த நான்கு மாதத்தில் நான் செய்த வேலைகளில் அதுதான் நிறைவாக இருந்தது.

பிறகு படத்தைத் திறந்தேன். திரை முழுவதும் சிவப்பு. கோப்பைக் காணவில்லை என்று ஆங்கிலத்திலும் எனக்குத் தெரியாத ஐந்தாறு மொழிகளிலும் எழுதியிருந்தது. அடுத்த காட்சிக்குப் போனேன். அங்கும் அதே சிவப்பு. பன்னிரண்டு நிமிடமும் அப்படித்தான்.

ஆல்பம் பெண் எட்டிப் பார்த்தாள். "பேர மாத்திட்டீகளாண்ணே?" என்றாள். தலையாட்டினேன். அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் மைத்துனன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் வந்து நின்றான்.

"என்ன மச்சான், தோட்டம் பூராம் ஒரே நாள்ல பழுத்துருச்சு போல. செவசெவன்னு இருக்கு."

"இப்ப என்ன மாப்ள செய்யணும்?"

"பழைய பேர வச்சு அது தேடிக்கிட்டு இருக்கு. எது எங்கன இருக்குன்னு நீங்கதான் காட்டணும்."

"ஒவ்வொண்ணாவா?"

"காட்டுங்க. நோட்டுலதான் எல்லாம் இருக்குமே."

நோட்டில் எல்லாம் இருந்தது. நாள், நேரம், வெயில், என்ன மருந்தடித்தார்கள் என்பதுவரை. கேமரா போட்ட எண் மட்டும் இல்லை. பொருளில்லாத எண் என்று விட்டிருந்தேன்.

வியாழனும் வெள்ளியும் அந்த நாற்காலியில் கழிந்தன. காணாமல் போன கிளிப்பின் நீளத்தைப் பார்ப்பேன்: நாற்பத்தொரு நொடி. நாற்பத்தொரு நொடிக்காரர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பேன். பூ விட்ட கொடி வர வேண்டிய இடத்தில் மருந்து டிரம் வரும். அழிப்பேன். மறுபடி. மைத்துனன் பக்கத்திலேயே உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தான். மத்தியானம் எனக்கும் சேர்த்து டீ சொன்னான். அந்த டீயை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எழுபத்தொன்பது கிளிப்புகள் சேர்ந்திருந்தன. நூற்று முப்பத்தைந்து பாக்கி. மவுஸை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.

அப்போது அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தான். வழக்கம்போல் என் கைக்கு மேல் கையை வைத்தான். தேடும் பெட்டியைத் திறந்தான். அதில் 'கோப்பின் பெயர்' என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தான். கீழே 'தொடக்க நேரம்' என்ற இடத்தில் ஒரு டிக் வைத்தான். கோப்புறையைக் காட்டினான். சிவப்பு மொத்தமும் ஒரே சமயத்தில் போய்விட்டது. கொடியும் பந்தலும் கொத்தும் வரிசையாக வந்து நின்றன.

ஒவ்வொரு கிளிப்புக்குள்ளும், அது எப்போது தொடங்கியது என்பதை மணி, நிமிடம், நொடி, அதற்கும் கீழே வரை கேமரா தானாகப் பதிந்துவைத்திருக்கிறது. பெயர் என்னவானாலும் அது மாறாது. நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒட்டிய முகவரி ஏற்கனவே உள்ளே இருந்திருக்கிறது.

"இது ஒனக்கு புதன்கெழமையே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"எது எங்கன இருக்குன்னு காட்டணும்னேன். வேற வழி இருக்கான்னு நீங்க கேட்டீகளா?" அவன் குரல் உயரவே இல்லை. "கெங்குவார்பட்டிக் கல்யாணத்தத் திருப்பி வெட்ட எனக்கு எத்தன நாளாச்சு, தெரியுமா மச்சான்?"

"ரெண்டு நாளுண்ணே. திங்களும் செவ்வாயும்" என்றாள் ஆல்பம் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த இரண்டு நாளும் நான் அதே கடையில் அவனுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பைப் பார்த்தேன். என் வெட்டுகள் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒரு வரி இல்லை.

ஆனால் அது பிறகு. அப்போது மணி நாலரை. ஒலியைச் சரிசெய்ய நேரமில்லை. மருந்து பம்ப்பின் இரைச்சல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். கடைசியில் பெயர்கள் போட வேண்டும். மாதத் தொடக்கத்திலேயே அவன் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான்: கத்துக்குடுத்தது இன்ன கடை என்று ஒரு வரி. சரி என்றிருந்தேன். இப்போது விரல் அதை அடிக்க மறுத்தது. 'கணினி உதவி' என்று அடித்து அவன் கடைப் பெயரைப் போட்டேன்.

பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. "அதுக்கு என் கட பேரு இல்லாமலே போகட்டும். எடுத்துருங்க."

எடுத்தேன். ஐந்து ஐம்பத்து மூன்றுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்த நேரத்தையும் குறித்துவைத்திருக்கிறேன்.

அன்று வீட்டில் மனைவி செல்போனில் படத்தை முழுவதும் பார்த்தாள். பம்ப் சத்தம் அதிகம் என்றாள். கடைசிப் பெயர்கள் ஓடி முடிந்ததும் நிறுத்தி, பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள்.

"என் தம்பி பேரக் காணோம்?"

"அவந்தான் எடுக்கச் சொன்னான்."

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எடுக்கச் சொல்ற மாதிரி மொதல்ல என்னன்னு போட்டீக?"