மேடில்லாத ஊரில் மூன்று மாத வேலை

ஆங்கிலம் படிப்பிக்கும் தொழிலில் படிப்பிப்பது சுலபம்; நம்மைப் படிப்பிக்க விடும் ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

வெளிநாட்டில் மூன்று மாதம் போய்ப் படிப்பித்துவிட்டு வரலாம் என்ற கதை எனக்கு நேராக வந்ததல்ல. பூனாகலையில் இருக்கும் என் தோழிக்கு அவளுடைய அண்ணி சொன்னாராம். அண்ணி அதைப் பண்டாரவளை பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதிலிருந்து கேட்டாராம். எங்கே, எப்படி என்று அண்ணி விசாரிப்பதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்களாம். இவ்வளவுதான் என் ஆதாரம். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருக்கும் சக துன்பவாசிகளே, சிரிக்காதீர்கள். இதைவிடச் சின்ன ஆதாரத்தை நம்பி நீங்களும் விண்ணப்பம் போட்டிருப்பீர்கள்.

கையிலிருந்த வேலை

அப்போது பண்டாரவளையில் ஒரு டியூஷன் வகுப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த மலைகளிலேயே ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். எதையும் மறைக்கக் கூடாது என்ற பயத்தில், வெளிநாட்டில் வேலை தேடப் போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். தேடப் போகிறேன் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்தச் சொல்லில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது என் வகுப்பில், என் கரும்பலகைக்கு முன்னால், வேறொரு பெண் நின்று படிப்பித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எனக்குக் கையசைத்தார்கள். வழியனுப்புவது போல. நான் வாசலில் திகைத்து நிற்பதைப் பார்த்து வகுப்பு நடத்தும் சேர் மிகுந்த அன்போடு வெளியே வந்தார்.

"வெளிநாடு போற பிள்ளையை மறிக்கிறது பாவம் கண்டீரோ. அதுதான் உம்மட இடத்துக்கு ஆள் போட்டிட்டன். இனி நீர் ஒண்டுக்கும் யோசிக்காமல் போகலாம்."

பதுளை ஏஜென்சி

ஆக, தேடுவது விருப்பமாக இருந்தது போய்க் கட்டாயமாகிவிட்டது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், அப்பா அங்கேயே தொழிற்சாலையில். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், "இன்னிக்கு லீவா டீச்சர்?" என்று மட்டும் கேட்பார்கள். தினமும் கேட்பார்கள். அதிலிருந்து தப்பிக்கவே ஒருநாள் பதுளைக்குப் போய், சுவர் முழுக்க விமானப் படம் ஒட்டியிருந்த ஒரு வேலை ஏஜென்சிக்குள் நுழைந்தேன்.

எங்கள் தோட்டங்களிலிருந்து வெளிநாடு போகும் பெண்களில் பெரும்பாலானவர்கள் வீட்டு வேலைக்குத்தான் போகிறார்கள். ஏஜென்சிக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சமைக்கத் தெரியுமா தங்கச்சி?" தெரியும் என்றேன். உண்மைதானே. "சின்னப் பிள்ளைங்களைப் பாத்துக்குவீங்களா?" அதுவும் ஆமாம். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அதற்கு மேல் தாங்காமல், "அண்ணே, நான் இங்கிலீஷ் டீச்சர். மூணு மாசத்துக்குப் படிப்பிக்கிற வேலை இருக்கான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. கண்ணை மூடி உண்மையாகவே யோசித்தார். எனக்கு எப்படியாவது உதவிவிட வேண்டும் என்று அவர் நெற்றி சுருங்கியது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"வேலை வீட்டு வேலைதான் தங்கச்சி. ஆனா பிள்ளைங்களை இங்கிலீஷ்லயே திட்டலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

குரல் மட்டும்

அதன் பிறகு ஃபோனிலேயே தேடத் தொடங்கினேன். வியட்நாமில் விடுமுறைக்கால ஆங்கில முகாம் ஒன்று நேர்முகத்துக்கு அழைத்தது. சிக்கல் என்னவென்றால், எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. தோட்டத்திலேயே அது ஒழுங்காக நிற்கும் ஒரே இடம் பாதை வளைவில் இருக்கும் மடுவம். கொழுந்து நிறுக்கும் கொட்டகை. இரண்டு நிறுவைக்கு நடுவே அது காலியாக இருக்கும். பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு, தராசுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

அங்கேயும் படம் விட்டுவிட்டு வந்தது. கேமராவை அணைத்துவிட்டுப் பேசுங்கள் என்றார்கள். பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. முகம் தெரியாது என்ற தைரியத்தில் என் ஆங்கிலம் தானாக ஓடியது. எதிரே இருந்தவர் இரண்டு தடவை "அற்புதம்" என்றார். பிள்ளைகளின் பெற்றோருக்கு என்னை மிகவும் பிடிக்கும் என்றார். கடைசியாக, ஒரே ஒரு நிமிடம் கேமராவைப் போடச் சொன்னார். போட்டேன். சிக்னலும் அந்த நேரம் பார்த்து நேர்மையாக வேலை செய்தது.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். விளம்பரப் படத்தில் இருந்த ஆசிரியர்கள் எல்லாரும் பொன்னிறத் தலைமுடியோடு சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் பண்பாகத்தான் பேசினார்.

"உங்கள் குரல் மிகவும் பிடித்திருக்கிறது மிஸ். ஆனால் இங்கே வந்த பிறகு கேமராவை அணைத்து வைக்க முடியாதே."

கடைக்கு ஏன் ஏறவேண்டும்?

அடுத்த அழைப்பு மாலைதீவிலிருந்து. ஒரு சின்னத் தீவில் ஒரே ஒரு பாடசாலை. ஆங்கில டீச்சர் பிரசவ விடுமுறையில் போகிறார். ஒரு தவணைக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். நான்கு பிள்ளைகளை உட்கார வைத்திருப்போம், ஒரு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்டுங்கள் என்றார் பாடசாலை அதிபர் அம்மா. இதுவும் போனால் ஏஜென்சி அண்ணனிடம் திரும்பிப் போவதுதான் என்று எனக்குத் தெரியும்.

வழி சொல்வது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டேன். அட்டையில் வரைபடம் கீறி, அதையே இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன்: அவர்கள் மணி நம்முடையதைவிட அரை மணி பின்னால். பகல் நிறுவைக்கு முன் முடியவேண்டிய பாடம், ஆட்கள் கொழுந்தோடு இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் ஆரம்பித்தது.

"பாடசாலையிலிருந்து மேலே ஏறினால் கடை வரும். கடையிலிருந்து கீழே இறங்கினால் வைத்தியசாலை வரும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, சொல்லச் சொன்னேன். நான்கு பேரும் சொன்னார்கள். பிறகு ஒரு சிறுமி கையை உயர்த்தி, "மிஸ், கடைக்கு ஏன் ஏறணும்?" என்றாள். கடை மேலே இருக்கிறது என்றேன். "எதுக்கு மேலே?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு ஊர் என்றால் மேல் லயம், கீழ் லயம். எங்கே போவதென்றாலும் ஒன்று ஏறவேண்டும், இல்லாவிட்டால் இறங்கவேண்டும். அந்தப் பிள்ளைகளின் ஊரோ கோலம் போட்டாற்போலச் சமதரை. வாழ்நாளில் மலையேறாத பிள்ளைகளுக்கு நான் மலைப்பாதையில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறு வழி தெரியாமல் ஃபோனைத் திருப்பி, மடுவத்துக்கு வெளியே இருந்த மலையைக் காட்டினேன். பக்கத்து வீட்டுச் சரசு அத்தை தலையில் கொழுந்துச் சாக்கோடு குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். நான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழும்பித் திரைக்குக் கிட்டே வந்துவிட்டார்கள். சாக்கில் என்ன? பாரமா? மறுபடி ஏறுவாரா? விழமாட்டாரா? நான் அந்தக் கேள்விகளை அத்தைக்குத் தமிழில் கத்தினேன்.

"விழுந்தா நல்லதுதான், உருண்டே கடைக்குப் போயிரலாம்னு சொல்லு!" என்று அத்தை மேலேயிருந்து கத்தினார்.

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று கேட்டேன். பதில்கள் முந்திக்கொண்டு வந்தன. அதற்குள் நாற்பது பேர் மடுவத்துக்குள் வந்துவிட்டார்கள். "டீச்சர், தராசை மறைக்காதீங்க! சேலை கொக்கியில மாட்டப் போவுது!" என்று நிறுவை எழுதும் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். அத்தை சாக்கை இறக்கிவிட்டுத் திரைக்குள் முகத்தை நீட்டி, "சாப்பிட்டீங்களா கண்ணுங்களா?" என்றார். எல்லாம் முடிந்தது, வேலை போயிற்று என்று நினைத்தபோது அதிபர் அம்மாவின் குரல் வந்தது.

"மிஸ், இடைவேளை மணி அடித்தும் இந்தப் பிள்ளைகள் எழும்பிப் போகவில்லை. அடுத்த தவணைக்கு நீங்கள் வாருங்கள். சாக்கு வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு மட்டும் எங்களிடம் வேலை இல்லை, மன்னிக்கச் சொல்லுங்கள்."

அம்மாவின் கேள்வி

அப்பா மறுநாளே தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பண்டாரவளைக்குப் போய் எனக்கு ஒரு தடித்த ஸ்வெட்டர் வாங்கி வந்தார். அங்கே வெயில் கொளுத்தும் என்று சொன்னேன். "வெளிநாடு இல்லியா?" என்று பெட்டியில் வைத்துவிட்டார். அம்மா சரி என்று வாயால் சொல்லாமல் நான் படியிறங்கமாட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த வாரம் எங்கள் நமுனுகுல மலைப் பக்கம் மழை விடாமல் பெய்தது. கடும் மழை என்றால் எங்களை லயத்தில் இருக்க விடமாட்டார்கள். மேலே மண் எப்போது சரியும் என்று தெரியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். என் ஸ்வெட்டரையும் அம்மா எடுத்து வந்திருந்தார். பாயை விரித்தபடி கேட்டார்:

"மழை பேஞ்சா அங்க எங்க போய்ப் படுப்பீங்க?"

"எங்கயும் போக வேணாம்மா. வீட்டுலயே படுக்கலாம். அங்க மலையே இல்ல."

"ஒரு மேடு கூடவா இல்ல?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப மண்ணு?"

"எங்கேருந்தும்மா சரியும்?"

அம்மா ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"சரி, போயிட்டு வா. அப்படியே அந்தப் பெரிய டீச்சர்கிட்ட, ஸ்கூலைக் கூட்டித் துடைக்க ஆள் வேணுமான்னு கேளு. நானும் வாறேன்."

பிறகு பயணத்துக்கு முன் சரிபார்த்துக்கொண்டேன்: அந்த நாட்டின் ஆக உயரமான மேடே எங்கள் தொழிற்சாலைக் கூரையைவிடத் தாழ்வுதான், ஆகவே மண் சரிய வழியில்லை என்பதை அம்மாவிடம் மறுபடியும் உறுதியாகச் சொல்லிவிட்டேன், அப்படியென்றால் கடல் ஏறி வர வழியிருக்கிறது என்ற மிச்சத்தைத் தவணை முடிந்து வந்து சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.