ஊசி ஏறாத கட்டு

எழுதிப் பழக்கமில்லாத கை. ஐந்தாவது வரைதான் படித்தேன். முன்னே நடந்தது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதியும் சேர்ந்துவிட்டது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாவதுக்கு ராயபுரம் போக வேண்டும். வயசுக்கு வரப்போகிற பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். ஆறாம் வகுப்பு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம், இந்த வருஷ பட்ஜெட்டில் வந்தாலும் வரும் என்று டீச்சரம்மா சொன்னார்கள். அந்த பட்ஜெட் புத்தகத்தைத் தைத்துக் கட்டுகிறவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர்; நைனா என்றுதான் கூப்பிடுவோம். அரசாங்க அச்சுக்கூடத்தில் அவருக்கு பைண்டிங் வேலை.

கோட்டையில் மந்திரி படித்து முடிக்கிறவரை அதில் ஒரு எழுத்தும் வெளியே தெரியக் கூடாதாம். அதனால் அந்த வேலை நடக்கும் நாட்களில் ஆட்களை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவார்கள். நானும் அம்மாவும் சோறு எடுத்துக்கொண்டு போவோம். கேட்டில் காவல்காரர் சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பார். முறுக்கு சுற்றியிருந்த பழைய காகிதத்தைக்கூட உருவிக்கொண்டு முறுக்கை மட்டும் உள்ளே விட்டார். ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு காவலா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாம் நாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நைனா வந்து நின்றார். அதிகம் பேசாத எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நைனா, ஆறாங்கிளாசு வந்துக்கீதா?"

காவல்காரர் பதறிப்போனார். "ஏ பொண்ணு, இன்னா கேக்குற நீ? உங்க நைனா வேலைக்கே உலை வச்சிடுவ போலகீதே!"

நைனா சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டு போனார். அந்த முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

மந்திரி படித்த அன்று சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்தார். அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாண்ணே, எதுக்கெல்லாம் வரி ஏத்திகிறாங்கோ?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? எல்லாம் இங்கிலீசு. பக்க நம்பரு பாத்து அடுக்குனேன், தெச்சேன்."

அப்படியானால் ஆறாவது வந்ததா என்று நைனாவுக்கும் தெரியாது. நைனா என்னைப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார்.

"இலாகாவுக்கு ஒரு கட்டு. எது எந்த இலாகான்னு மேஸ்திரி சொல்லுவாரு. போலீசு இம்மாந்தண்டி, ரோடு இம்மாந்தண்டி. பள்ளிக்கூடத்துக் கட்டு போன வருசம் இத்தினிதான். இந்த வாட்டி ஊசியே ஏறல கண்ணு. ஓட்ட போட்டுத்தான் தெச்சேன்."

அத்தை சிரித்தார். "தடியா இருந்தா துட்டு நெறைய இருக்குமா? பெரிய எழுத்தா அடிச்சிருப்பாங்கோ!"

"அடப் போம்மா, எழுத்து எல்லாத்துலயும் ஒரே சைசு."

அந்த விரல் இடைவெளி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஊர் ஊராக எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள். எல்லாம் நைனாவின் இரண்டு விரலுக்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. அதில் எங்கள் பள்ளியும் ஒரு வரியாக இருக்குமோ?

இருந்தது. பணம் ஒதுக்கியாயிற்று என்று டீச்சரம்மாவே வீட்டுக்கு வந்து சொன்னார்கள். ஆனால் அறை கட்டி, டீச்சர் போட்டு, வகுப்பு திறக்க இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் நான் தாவணி போட்டு வீட்டோடு இருந்தேன். என் தங்கைதான் அதில் உட்கார்ந்தாள்.

திறந்த அன்று நைனா வாசலில் நின்று சுவரின் கனத்தை விரலை விரித்து அளந்து பார்த்தார். விரல் எட்டவில்லை. காகிதத்தில் தைத்தது செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறதே என்று இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அது எந்த வருஷத்துப் புத்தகம் என்று நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. பழைய புத்தகங்களைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் யாராவது பள்ளிக்கூடத்துக் கட்டை எடுத்துப் பாருங்கள். எங்கள் பள்ளி அதில் இருக்கிறதா, ஓட்டை போட்டுத் தைத்திருக்கிறதா என்று சொன்னால் போதும்.