கை எட்டாத பாத்தி

பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் தாய்க்கோழியும் குஞ்சுகளும் என் கீரையைக் கிளறியதில் எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. கோபத்தில், தேயிலைத் தோட்டத்து லயவீடுகளுக்குப் பின்னால் இரு வீட்டு எல்லையில், பழைய கூரைத் தகரங்களை இடுப்புயரத்துக்கு நிறுத்தி, மண் நிரப்பிப் பாத்தி கட்டினேன். தகரத்தை வெட்ட மனமில்லாமல் பாத்தியை அகலமாகவே விட்டுவிட்டேன்.

கோழி ஏறவில்லை. ஆனால் அக்கா வீட்டுப் பக்கத்துக் களைக்கு என் கை எட்டவில்லை. ஒருநாள் எக்கி எக்கிப் பார்த்து, லீக்ஸ் செடிகள் மேலேயே குப்புற விழுந்தேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். மாரியாயி அக்காதான். "தெனம் கொழுந்து பறிக்கிற உனக்கு, கை எம்புட்டுத் தூரம் எட்டும்னு தெரியாதா? இரு, இந்தப் பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அந்தப் பக்கம் வெளையிறது ஒங்களுக்குத்தான்க்கா."

பேசாதிருக்கக் கட்டிய பாத்தியின் இருபுறமும் நின்று இப்போது தினமும் கதையளக்கிறோம். கோழிதான் கீழே நின்று எங்கள் இருவரையும் முறைக்கிறது.